ஓய்வுக்கு முன் மாநிலம் மாறுகிறீர்களா? கவுண்டியைப் பாருங்கள்

அமெரிக்காவில் அறுபதை நெருங்கும் தமிழர்கள் இருவர் சந்தித்தால் பேச்சு எப்படியோ இங்கே வந்து நிற்கிறது: "பிள்ளைகள் படித்து முடித்துவிட்டார்கள். இனி எதற்கு நியூ ஜெர்சியில் இவ்வளவு சொத்து வரி கட்டிக்கொண்டு? டெக்சஸா, வட கரோலினாவா, புளோரிடாவா?" உடனே மூன்றாவது ஒருவர் வருமான வரி இல்லாத மாநிலங்களை விரல்விட்டு எண்ணத் தொடங்குவார். அந்த எண்ணிக்கையில் தொடங்கும் யோசனை பல நேரம் பொருந்தாத ஊரில் கொண்டுபோய் விடுகிறது. மாநிலத்துக்கு மாநிலம் மாறுவது சில சட்டங்கள்தாம். அன்றாடம் உங்கள் மீது உரசப்போகிறவற்றில் பெரும்பாலானவை கவுண்டியையும் (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு), அதற்குள் நீங்கள் வாங்கும் தெருவையும் பொறுத்தவை.

வரிக் கதையை முதலில் முடித்துவிடலாம். டெக்சஸ், புளோரிடா, டென்னசி, நெவாடா ஆகியவை சம்பளத்துக்கு வருமான வரி வாங்குவதில்லை; உண்மைதான். ஆனால் நீங்கள் சம்பளத்தை விடப்போகிறவர். சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியப் பணத்துக்குப் பெரும்பாலான மாநிலங்கள் வரி கேட்பதில்லை. பென்சில்வேனியாவிலும் இலினாயிலும் வருமான வரி உண்டு. ஆனால் ஓய்வுபெற்ற பின் 401கே, ஐ.ஆர்.ஏ. என்ற ஓய்வுச் சேமிப்புக் கணக்குகளிலிருந்து எடுக்கும் பணத்தை அந்த இரண்டு மாநிலங்களும் விட்டுவிடுகின்றன. வட கரோலினா எல்லோரிடமும் ஒரே விகிதமாகச் சுமார் 4 சதவீதம் வாங்குகிறது. வாஷிங்டனில், பங்குகளை விற்று வரும் பெரிய லாபத்துக்கு 2022 முதல் வரி இருக்கிறது. இறந்தவர் விட்டுச்செல்லும் பெரிய சொத்துக்கும் தனி வரி உண்டு. ஆகவே பட்டியலைத் தூர வைத்துவிட்டு, ஓய்வுக்குப் பின் உங்கள் வருமானம் எங்கெங்கிருந்து வரும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அதற்குப் பிறகு மாநிலங்களை ஒப்பிட்டால் வித்தியாசம் பலருக்கு நினைத்ததைவிடச் சிறியதாக இருக்கும்.

சொத்து வரியில்தான் உண்மையான வித்தியாசம் தெரியும். அது மாநில எல்லைக்கு உள்ளேயே மாறுகிறது. டெக்சஸில் கவுண்டி, நகரம், பள்ளி மாவட்டம் என்று ஒவ்வொன்றும் தன் பங்கைக் கேட்கும். புறநகரின் புதிய குடியிருப்புகளில் குடிநீர், கழிவுநீர் வசதிக்கான எம்.யு.டி. என்ற மாவட்டமும் தனியாக வரி போடும். சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு தொகை, அந்தப் பக்கம் இன்னொரு தொகை. 65 வயதானவர் தான் குடியிருக்கும் வீட்டுக்கு அங்கே விண்ணப்பித்தால் பள்ளி மாவட்டத்துக்கான வரி அந்த அளவிலேயே உறைந்து நிற்கும். வீட்டைப் பெரிதாக்கினால்தான் கூடும்.

விளம்பரத்தில் "சென்ற ஆண்டு வரி" என்று போட்டிருக்கும் தொகையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். அது விற்பவரின் வரி. புளோரிடாவில், சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் வரி மதிப்பு ஆண்டுக்கு 3 சதவீதத்துக்கு மேல் உயர முடியாது. இருபது ஆண்டு அங்கே இருந்தவர் கட்டும் தொகை பார்க்கவே ஆசையாக இருக்கும். வீடு கைமாறியதும் மதிப்பு சந்தை விலைக்கு ஏறிவிடும். டெக்சஸில் விற்பவர் முதியவராக இருந்தால் அவருடைய சலுகை அவரோடு போய்விடும். கவுண்டி மதிப்பீட்டு அலுவலகத்தின் இணையதளத்தில் வீட்டு எண்ணைப் போட்டு, உங்கள் கொள்முதல் விலையை வைத்து நீங்களே கணக்கிடுங்கள்.

நியூ ஜெர்சியை விட்டுப் போகிறவர்களை மிரட்டும் "வெளியேறும் வரி" பற்றி ஒரு வார்த்தை. அப்படித் தனியாக ஒரு வரி கிடையாது. நீங்கள் வேறு மாநிலத்துக்காரராகிவிட்ட பின் வீட்டை விற்றால், பொதுவாக விலையில் குறைந்தது 2 சதவீதத்தை வரிக்கான முன்பணமாகப் பிடித்துவைப்பார்கள். அந்த ஆண்டின் வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும்போது நேராகிவிடும்.

இனி மருத்துவம். இதற்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும், இதற்குத்தான் குறைவாகச் செலவிடுகிறார்கள். 65 வயதில் மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு வரும்போது இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அரசின் மூல மெடிகேரோடு மெடிகேப் என்ற துணைக் காப்பீட்டைச் சேர்த்துக்கொள்வது. நாடு முழுவதும் மெடிகேரை ஏற்கும் எந்த மருத்துவரிடமும் இது செல்லும். மற்றொன்று, தனியார் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ். இதில் மாதக் கட்டணம் குறைவு, சில திட்டங்களில் கட்டணமே இல்லை. ஆனால் இது கவுண்டிவாரியாக விற்கப்படுகிறது. ஒரு கவுண்டியில் நல்ல மருத்துவமனைகளைச் சேர்த்திருக்கும் திட்டம், இருபது மைல் தள்ளி அடுத்த கவுண்டியில் கிடைக்காமலே போகலாம்.

மெடிகேப் எடுக்க 65 வயதில் பார்ட் பி (மெடிகேரில் மருத்துவர் கட்டணத்துக்கான பகுதி) தொடங்கியதும் ஆறு மாத அவகாசம் கிடைக்கும். அதற்குள் சேர்ந்தால் சர்க்கரை, இதய நோய் எதுவும் கேட்காமல் தர வேண்டும். அவகாசம் முடிந்த பின் பெரும்பாலான மாநிலங்களில் உங்கள் உடல்நிலையைப் பார்த்து மறுக்கலாம். நியூயார்க்கும் கனெக்டிகட்டும் விதிவிலக்கு. அங்கே எப்போது வேண்டுமானாலும் சேரலாம். அங்கே பழகியவர்கள் "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தெற்கே போய் மாட்டிக்கொள்கிறார்கள். மெடிகேர் அட்வான்டேஜில் இருப்பவர் அதன் சேவைப் பகுதியை விட்டு வீடு மாறினால், 63 நாட்களுக்குள் சில மெடிகேப் திட்டங்களில் உடல்நிலைக் கேள்வி இல்லாமல் சேரும் உரிமை கிடைக்கும். வீடு மாற்றும் அலைச்சலில் இந்த 63 நாட்கள் பறந்துவிடும். மூட்டை கட்டும் முன்பே காப்பீட்டு நிறுவனங்களிடம் தொலைபேசியில் பேசி வையுங்கள்.

65-க்கு முன் வேலையை விட்டுவிட்டு மாறுகிறவருக்குச் சிக்கல் வேறு. பழைய நிறுவனத்தின் காப்பீட்டைக் கோப்ரா என்ற சட்டத்தின் மூலம் பொதுவாக 18 மாதம் தொடரலாம். ஆனால் அந்தத் திட்டத்தின் மருத்துவர்கள் எல்லோரும் பழைய மாநிலத்தில் இருந்தால் அவசர சிகிச்சை தவிர மற்றதற்குப் பயனில்லை. அரசின் மருத்துவக் காப்பீட்டுச் சந்தையில் வாங்கும் காப்பீடும் மாநிலம் மாறினால் புதிதாக வாங்க வேண்டியதுதான். பெற்றோர் கிரீன் கார்டில் உங்களோடு வருகிறார்கள் என்றால் இன்னொன்று: அவர்கள் தொடர்ந்து ஐந்து ஆண்டு இங்கே வசித்த பிறகே கட்டணம் செலுத்தி மெடிகேரில் சேர முடியும்.

ஆண்டில் பாதி சென்னையிலும் பாதி இங்கேயும் இருக்கலாம் என்று திட்டமிடுகிறவர்கள் கவனிக்க: மெடிகேர் இந்தியாவில் செல்லாது. மெடிகேப்பின் ஜி (G), என் (N) போன்ற திட்டங்கள் வெளிநாட்டு அவசர சிகிச்சைக்கு 80 சதவீதம் தரும். ஆனால் பயணத்தின் முதல் 60 நாட்களுக்கு மட்டும், அதுவும் வாழ்நாள் முழுவதற்கும் 50,000 டாலர் வரைதான். ஆறு மாதத் தங்கலுக்கு இந்தியாவில் தனிக் காப்பீடு தேவை.

சரி, தெருவுக்கு வருவோம். எங்களுக்குத் தெரிந்த ஒரு தம்பதி நியூ ஜெர்சியிலிருந்து டாலஸின் வடக்குப் புறநகருக்குப் போனார்கள். அழகான வீடு, கீழ்த்தளத்திலேயே படுக்கையறை, பள்ளி மாவட்டமும் பேர்போனது (அறுபது வயதில் அது எதற்கு என்று யாரும் கேட்கவில்லை). அந்த அம்மா பழைய ஊரில் நூலகத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் நடந்தே போனவர். புதிய ஊரில் ஐயாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை ஆனதும், மருத்துவமனைக்கு டோல்வே என்ற கட்டணச் சாலையில் கார் ஓட்ட வேண்டியிருந்தது. அம்மாவோ அந்த வேகத்தில் ஓட்டிப் பழகாதவர். டோல்வே இல்லாத வழியைத் தெருத்தெருவாகக் காகிதத்தில் எழுதி, இடம் வலம் என்று அம்புக்குறி போட்டு, ஸ்டீயரிங் பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறார். இருபது நிமிடப் பயணம் அவருக்கு முக்கால் மணி நேரம். வீடு பார்க்கப் போகும்போது ஓட்டுநர் இருக்கையில் இருவரில் தயங்கி ஓட்டுபவரை உட்காரவையுங்கள். வாரநாள் மாலை ஐந்தரை மணிக்கு அந்த வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு அவர் ஓட்டட்டும். பத்து ஆண்டு கழித்து தனியாக இருக்கப்போகிறவர் அவராகவும் இருக்கலாம். இதை மனைவியிடமோ கணவரிடமோ பேசத் தயங்குகிறோம். ஆனால் பேசாமல் வாங்கும் வீடு ஒருவருக்காக மட்டும் வாங்கிய வீடாகிவிடும்.

பிள்ளைகள் இருக்கும் ஊருக்கே போவது நியாயமான ஆசைதான். முப்பது வயது மகனின் வேலை அவனை மூன்றாண்டில் வேறு கரைக்குக் கொண்டுபோனால் நீங்கள் அங்கே இருக்க விரும்புவீர்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். விமான நிலையமும் முக்கியம். அமெரிக்காவிலிருந்து சென்னைக்கு நேரடி விமானம் இல்லை. ஹூஸ்டன், டாலஸ் போன்ற ஊர்களிலிருந்து துபாய் அல்லது தோஹாவில் ஒரே ஒரு முறை இறங்கி ஏறினால் போதும். சிறிய ஊர்களிலிருந்து இரண்டு முறை மாற வேண்டியிருக்கும். எழுபது வயதில் அந்த இரண்டாவது மாற்றம் வலிக்கும்.

தமிழ்ச் சங்கம் இருக்கிறதா என்று பார்ப்பது போதாது. பொங்கல் விழாவுக்கு எல்லா ஊரிலும் கூட்டம் கூடும். வாரநாள் காலையில் யார், எங்கே கூடுகிறார்கள் என்று விசாரியுங்கள். ஹூஸ்டன் அருகே பியர்லாந்து மீனாட்சி கோயில், வட கரோலினாவில் கேரியின் வேங்கடேசுவரர் கோயில் போன்ற இடங்களில் சில மணி நேரம் உட்கார்ந்து பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் எந்த இணையதளமும் தராத தகவல் கிடைக்கும். வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளுக்கு எப்போதும் ஆசிரியர் பற்றாக்குறை. புதிய ஊரில் நட்பு பிடிக்க அதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. இந்தியர்களுக்கென்றே அமைந்த ஓய்வுக் குடியிருப்பும் புளோரிடாவின் டவாரஸில் இருக்கிறது. எந்த 55 வயதுக்கு மேற்பட்டோர் குடியிருப்பானாலும் விதிப்புத்தகத்தை முழுதாகப் படியுங்கள். பேரப்பிள்ளைகள் எத்தனை நாள் தங்கலாம், வேலையிழந்த மகள் வந்து இருக்க முடியுமா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.

விலை பேசும் முன் காப்பீட்டு விலையைக் கேளுங்கள். புளோரிடாவில் கூரையின் வயதைக் கேட்டுவிட்டுத்தான் பேச்சே தொடங்குவார்கள். சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளத்துக்குப் பொருந்தாது; அரசின் வெள்ளக் காப்பீடோ வாங்கிய பிறகு பொதுவாக 30 நாள் கழித்தே நடைமுறைக்கு வரும். 2017-இல் ஹார்வி புயலில் ஹூஸ்டனில் மூழ்கிய வீடுகளில் பல, அபாயப் பகுதி என்று வரைபடத்தில் குறிக்கப்படாதவை. மலைப்பக்கம் பத்திரம் என்று நினைத்தவர்களை 2024-இல் ஹெலீன் புயல் வட கரோலினாவின் ஆஷ்வில்லில் திகைக்க வைத்தது.

முடிந்தால் முதல் ஆண்டு வாடகைக்கு இருங்கள். டெக்சஸின் ஆகஸ்டையும் ஒரு குளிர்காலத்தையும் பார்த்துவிட்டு வாங்குங்கள். அதுவரை பழைய வீட்டை வாடகைக்கு விட்டால் நாட்களைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். விற்பதற்கு முந்தைய ஐந்து ஆண்டில் இரண்டு ஆண்டாவது நீங்கள் அதில் குடியிருந்திருந்தால்தான், தம்பதிக்கு 5 லட்சம் டாலர் வரை லாபத்துக்குக் கூட்டரசு வரிவிலக்கு கிடைக்கும். மூன்று ஆண்டுக்கு மேல் இழுத்தால் அது போய்விடும்.

குடியேறிய பின் ஓட்டுநர் உரிமம் மாற்ற புளோரிடா 30 நாள், வட கரோலினா 60 நாள், டெக்சஸ் 90 நாள் தரும். கிரீன் கார்டில் இருப்பவர்கள் புதிய முகவரியைக் குடிவரவுத் துறைக்கு 10 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். உயிலையும் மருத்துவ அதிகாரப் பத்திரத்தையும் புதிய மாநில வழக்கறிஞரிடம் காட்டுங்கள். டெக்சஸ், கலிபோர்னியா, அரிசோனா உள்ளிட்ட ஒன்பது மாநிலங்களில் மணவாழ்வில் சேர்த்த சொத்து பொதுவாகக் கணவன் மனைவி இருவருக்கும் பொதுவானது. பழைய உயில் அதை நினைத்து எழுதப்பட்டிருக்காது. சொத்து வரிச் சலுகைக்கான விண்ணப்பத்தையும் அதே வாரத்தில் கவுண்டியில் கொடுத்துவிடுங்கள். 65 வயதானதும் சலுகை தானாக வந்துவிடும் என்று காத்திருக்க வேண்டாம்.