டேப்பெட் வைத்தும் அடங்காத சத்தம்

களக்காட்டிலிருந்து வாழைத்தார் ஏற்றும் என் பழைய லாரிக்கு இன்ஜின் வேலை முழுசாக முடித்து எடுத்து வந்த மறுநாளே மேலே டிக் டிக் சத்தம். வேலை பார்த்த பட்டறையில் இரண்டு தடவை டேப்பெட் வைத்தார்கள், அதாவது வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் ராக்கர் என்ற கைக்கும் நடுவே உள்ள இடைவெளியைச் சரிசெய்தார்கள். போகவில்லை. “ஓட ஓடச் சரியாகிடும்” என்றார்கள். மனசு கேட்கவில்லை.

பேட்டையில் தெரிந்த மெக்கானிக் அண்ணாச்சியிடம் விட்டேன். ஐடிலிங்கில், அதாவது வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது, நிமிஷத்துக்கு 600 சுற்று, நொடிக்கு 10. சத்தமோ நொடிக்கு 5 தான். இன்ஜினின் முக்கியத் தண்டான கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் ஒரு வால்வ் ஒருமுறை திறக்கும். அதனால் சத்தம் வால்வ் பக்கம்தான் இருக்கும் என்று முதலில் வால்வ் கவரைக் கழற்றினார். ராக்கருக்கு ஆயில் நன்றாகவே ஏறியது. ராக்கரைத் தள்ளும் புஷ் ராடுகளைக் கண்ணாடி மேல் உருட்டிப் பார்த்தோம், எதுவும் வளையவில்லை.

அப்புறம் இன்ஜின் ஓடும்போதே ஒவ்வொரு வால்வ் இடைவெளியிலும் இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜைச் செருகினார். மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும்) வால்வில் செருகியதும் சத்தம் சட்டென்று அடங்கியது.

“இங்க தடவிப் பாருங்க தம்பி.” ராக்கர் நுனியில் வால்வ் தண்டின் அகலத்துக்கு ஒரு பள்ளம், நகம் இடறியது. தட்டையான கேஜ் பள்ளத்தின் இரு கரையிலும் பாலம் போல நின்றுவிடும். கேஜ் சரியான அளவு காட்டும். உள்ளே உண்மையான இடைவெளி அதைவிட அதிகம். பழைய ராக்கரையே திரும்ப மாட்டியிருக்கிறார்கள். இன்ஜின் வேலைக்கு அத்தனை செலவு செய்துவிட்டு இதில் மிச்சம் பிடித்தது தப்பு.

புது ராக்கர் மாட்டி, இன்ஜின் ஆறியபின் டேப்பெட் வைத்தோம். அன்று இரவே லோடு ஏற்றினேன். வள்ளியூர் வரை காதைத் தீட்டிக்கொண்டே போனேன், சத்தமே இல்லை.