இரட்டையர் பாட்மிண்டனைத் தொழிலாகக் கொள்வோருக்கு: இணை தேடுவது முதல் விடைபெறுவது வரை

உலகத் தரவரிசைப் பட்டியலில் ஒற்றையர் பிரிவில் ஒரு வரிக்கு ஒரு பெயர் இருக்கும். இரட்டையர் பிரிவில் ஒரு வரிக்கு இரண்டு பெயர்கள் இருக்கும். இரட்டையர் ஆட்டத்தைத் தொழிலாகக் கொள்ள நினைப்பவர் முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். தரவரிசைப் புள்ளிகள் ஜோடியின் கணக்கில் சேர்கின்றன. ஒலிம்பிக் தகுதியும் அந்தக் கணக்கை வைத்தே அமைகிறது. ஆகவே ஸ்மாஷின் (மேலிருந்து ஓங்கி அடிக்கும் அடியின்) வேகத்தைவிட, யாருடன் ஆடுவது, எத்தனை காலம் சேர்ந்திருப்பது, எப்போது பிரிவது என்ற முடிவுகளே இந்தத் தொழிலின் போக்கைத் தீர்மானிக்கின்றன. அந்த முடிவுகளை எப்படி எடுப்பது, அவற்றுக்கு முன்னும் பின்னும் என்னென்ன செய்ய வேண்டும் என்பதை இங்கே முறையாக எழுத முயல்கிறேன்.

எந்த வயதில், எந்தக் காரணத்துக்காக

ஒற்றையரில் தேறாதவர்கள் ஒதுங்கும் இடம் இரட்டையர் என்ற எண்ணம் பல பயிற்சிக்கூடங்களில் இன்னும் நிலவுகிறது. இந்த எண்ணத்தோடு வருபவர் தன் ஆட்டத்தையும் கெடுத்துக்கொண்டு, இணையாக வருபவரின் சில ஆண்டுகளையும் வீணாக்குகிறார். பத்தொன்பது வயதுக்கு உட்பட்டோர் போட்டிகள் வரை இரண்டு பிரிவுகளிலும் ஆடுவது நல்லது. ஒற்றையர் ஆட்டம் தரும் கால் அசைவும் பொறுமையும் பிற்காலத்தில் உதவும். ஆனால் அந்த வயது முடிவதற்குள் தன்னைத் தானே சோதித்துப் பார்க்க வேண்டும். தன் ஆட்டங்களின் காணொளியைப் பார்த்து, புள்ளிகள் எங்கே கிடைத்தன என்று கணக்கிடுவது எளிய வழி. எதிராளியை மைதானம் முழுதும் ஓடவைத்து வென்ற புள்ளிகள் மிகுதியாக இருந்தால் ஒற்றையரே பொருத்தமாக இருக்கலாம். முதல் நான்கைந்து அடிகளுக்குள், தட்டையாக வரும் டிரைவை முந்திக்கொண்டு மறித்தோ வலைக்கு அருகில் கீழ்நோக்கி அடித்து முடித்தோ எடுத்த புள்ளிகள் மிகுதியாக இருந்தால், அவருடைய கண்ணும் கையும் இரட்டையருக்கு உரியவை.

சர்வீஸும் ரிசீவும்

இரட்டையர் ஆட்டத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்பதைக் களத்தின் அளவுகளே சொல்லிவிடுகின்றன. ஆடுகளம் 13.4 மீட்டர் நீளமும், இரட்டையருக்கு 6.1 மீட்டர் அகலமும் கொண்டது. ஒற்றையருக்கு அகலம் 5.18 மீட்டர். அகலம் கூடுகிறது, ஆனால் சர்வீஸ் விழ வேண்டிய கட்டம் நீளத்தில் குறைகிறது, ஏனெனில் இரட்டையரில் பின்கோட்டிலிருந்து 0.76 மீட்டர் உள்ளே உள்ள கோட்டைத் தாண்டி சர்வீஸ் விழக்கூடாது. பின்னால் இடம் குறைவாக இருப்பதால், ரிசீவ் செய்பவர் துணிந்து முன்கோட்டை ஒட்டி நின்று, தாழ்வாக வரும் சர்வீஸை வலைக்கு மேலேயே தாக்க முடிகிறது. சர்வீஸ் செய்பவரோ, 2018-இல் அறிமுகமான விதிப்படி, தரையிலிருந்து 1.15 மீட்டர் உயரத்துக்குள் இறகுப்பந்தை அடித்து, 1.524 மீட்டர் உயரமுள்ள வலையைத் தாண்ட வைக்க வேண்டும். கீழிருந்து மேலே செல்லும் அந்தப் பந்து, வலையைத் தாண்டியதும் ஏறுமுகமாக இருந்தால் அடி விழும்; இறங்குமுகமாக இருந்தால் பிழைக்கலாம். மேல்மட்ட ஆடவர் இரட்டையரில் சர்வீஸ் செய்யும் தரப்பே சற்றுப் பின்தங்கிய நிலையில் ரேலியை (ஒரு புள்ளிக்கான ஆட்டத்தை) தொடங்குகிறது என்று சொல்லப்படுவது இதனால்தான்.

ஒரு எளிய கணக்கு இதை இன்னும் தெளிவாக்கும். 21-18 என்று முடியும் ஒரு கேமில் 39 ரேலிகள். ஒவ்வொரு ரேலியிலும் நால்வரில் ஒருவர் சர்வீஸ் செய்கிறார், ஒருவர் ரிசீவ் செய்கிறார். அதாவது ஒருவருக்குச் சராசரியாகப் பத்து சர்வீஸ், பத்து ரிசீவ். கேமின் பாதி ரேலிகளில் முதல் அடியோ இரண்டாம் அடியோ அவருடையது. இவ்வளவு பெரிய பங்குக்கு, பயிற்சி நேரத்தில் கடைசிப் பத்து நிமிடத்தை மட்டும் ஒதுக்குவது எந்த வகையிலும் நியாயமில்லை. உடல் களைத்திராத வேளையில் நாள்தோறும் நூறு சர்வீஸாவது போட வேண்டும். அதுவும் வெறும் களத்தில் அல்ல, எதிரே ஒருவர் ராக்கெட்டை உயர்த்திப் பாயத் தயாராக நிற்கும்போது போட வேண்டும். அச்சுறுத்தல் இல்லாமல் பழகிய சர்வீஸ், 19-19 என்ற நிலையில் கை நடுங்கும்போது உதவாது. தந்திரங்களை நம்பி இந்த உழைப்பைத் தவிர்க்க இயலாது. இறகுப்பந்தை விரலால் சுழற்றிவிட்டு அடிக்கும் ஸ்பின் சர்வீஸ் திடீரென்று பரவியபோது, உலகக் கூட்டமைப்பு 2023-இல் அதைத் தடை செய்தது.

சர்வீஸுக்கு அடுத்தது மூன்றாவது அடி. இணை சர்வீஸ் செய்யும்போது பின்னால் நிற்பவர், ரிசீவ் எந்தெந்த இடங்களுக்கு வரக்கூடும் என்று முன்கூட்டியே அறிந்து, பந்தை மேலே தூக்காமல் திருப்பி அனுப்பப் பழக வேண்டும். தாக்கும்போது முன்னும் பின்னுமாகவும், தூக்கிவிட்டபின் பக்கவாட்டிலும் நிற்பது என்ற பாடம் யாவரும் அறிந்தது. தொழில்முறை ஆட்டத்தில் வேறுபாடு காட்டுவது, ஒரு நிலையிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் அந்த அரை நொடிதான். நடுவில் வரும் பந்தை யார் எடுப்பது என்று களத்தில் முடிவு செய்யக்கூடாது; பயிற்சியிலேயே பேசி முடித்திருக்க வேண்டும். தற்காப்புக்கு, எதிரே மூவரை நிறுத்தி இருவர் ஆடும் பயிற்சியைப் போலப் பலன் தருவது வேறில்லை என்பது என் கருத்து.

இணையைத் தேர்ந்தெடுப்பது

பலருக்கு முதல் இணை, பயிற்சியாளரோ தேசிய சங்கமோ காட்டும் நபராகவே இருப்பார். அதை விதி என்று ஏற்பதற்கு முன், மூன்று விஷயங்களைக் கவனித்துப் பார்க்கலாம்.

முதலாவது, களத்தில் இருவரின் வேலைப் பங்கீடு. ஒருவர் பின்களத்திலிருந்து இடைவிடாமல் தாக்க, மற்றவர் முன்களத்தில் வாய்ப்பை முடித்துவைப்பது பழைய, உறுதியான ஏற்பாடு. சீனாவின் காய் யுன், ஃபூ ஹைஃபெங் இணை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ஆனால் இருவரும் ஒரே வகை ஆட்டக்காரர்களாக இருந்தாலும் வழியுண்டு. சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி, சிராக் ஷெட்டி இருவருமே பின்களத்தில் வல்லவர்கள். பயிற்சியாளர் டான் கிம் ஹெர் இணைத்தபின் முன்களத்தைப் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. கற்றார்கள், 2023 அக்டோபரில் உலகின் முதலிடத்தை எட்டினார்கள். ஆகவே ‘எங்கள் ஆட்டம் பொருந்தவில்லை’ என்று ஒரு பருவத்துக்குள் முடிவு கட்டுவது அவசரம். இடக்கைக்காரர் ஒருவர் இணையில் இருப்பது கோணங்களைப் பெருக்கும். ஆனால் இடம் மாறும் பழக்கத்தை அதற்கேற்ப மறுபடி அமைக்க வேண்டும்.

இரண்டாவது, தோல்வியில் அந்த மனிதர் எப்படி இருக்கிறார் என்பது. வெற்றியில் எல்லோரும் நல்ல துணையே. தொடர்ந்து மூன்று சர்வீஸ்கள் வலையில் விழுந்தபின் இணையின் முகத்தைப் பாருங்கள், உங்கள் தவறுக்குப் பின் அவர் உங்கள் பக்கம் திரும்பி வருகிறாரா, முதுகைக் காட்டுகிறாரா என்று பாருங்கள். 11 புள்ளியில் கிடைக்கும் 60 நொடி இடைவேளையில், பயிற்சியாளர் பேசுவதற்கு முன் இருவரும் ஒரு வாக்கியமாவது பரிமாறிக்கொள்ளும் ஜோடி நீடிக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மூன்றாவது, இலக்கும் காலமும். ஒருவர் அடுத்த ஒலிம்பிக் வரை உழைக்க நினைக்க, மற்றவர் இரண்டு ஆண்டில் படிப்புக்குத் திரும்ப நினைத்தால், அந்த உண்மை தொடக்கத்திலேயே வெளிவர வேண்டும். கலப்பு இரட்டையரிலும் ஆடும் எண்ணம் இருந்தால் அதையும் மறைக்கக்கூடாது. இரண்டு பிரிவிலும் உச்சம் தொட்டவர்கள் இருக்கிறார்கள்: சீனாவின் சாவ் யுன்லேய் 2012 ஒலிம்பிக்கில் மகளிர் இரட்டையர், கலப்பு இரட்டையர் இரண்டிலும் தங்கம் வென்றார், தென்கொரியாவின் சோ சூங்-ஜே 2023 உலகச் சாம்பியன்ஷிப்பில் ஆடவர், கலப்பு இரண்டிலும் பட்டம் வென்றார். ஆனால் ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள் ஆடும் களைப்பில் பாதியை உங்கள் இணையும் சுமக்கிறார். அவருடைய சம்மதம் வேண்டும்.

போட்டிகளின் ஏணி

சர்வதேசப் போட்டிகளுக்கு வீரர் தானாகப் பதிவு செய்ய முடியாது; அவருடைய தேசிய சங்கம்தான் பெயரை அனுப்ப வேண்டும். எனவே சங்கத்தின் தேர்வு விதிகளை முதலில் படித்துவிடுங்கள். அடிப்படியில் ஃபியூச்சர் சீரிஸ், இன்டர்நேஷனல் சீரிஸ், இன்டர்நேஷனல் சேலஞ்ச் போட்டிகள் உள்ளன. அதற்கு மேல் 2018-இல் தொடங்கிய வேர்ல்டு டூர்: சூப்பர் 100, 300, 500, 750, 1000.

தரவரிசை, கடைசி 52 வாரங்களில் ஜோடி ஆடிய போட்டிகளில் சிறந்த பத்தின் புள்ளிகளைக் கூட்டுகிறது. இங்கே ஒரு நுட்பம் உண்டு. இன்டர்நேஷனல் சீரிஸ் ஒன்றை வென்றால் 2,500 புள்ளி. சூப்பர் 1000 போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றாலும் 3,000 புள்ளி. இதைக் கண்டு, இடம் கிடைக்கும் முதல் பெரிய போட்டிக்கே ஓடத் தோன்றும். அது முழு உண்மையல்ல. முதல் சுற்றில் இருபத்தைந்து நிமிடத்தில் தோற்றுத் திரும்பும் ஜோடி புள்ளியைப் பெறுகிறது. சேர்ந்து ஆடும் அனுபவத்தைப் பெறுவதில்லை. சிறிய போட்டியில் ஐந்து நாளில் ஐந்து ஆட்டம் ஆடும் ஜோடி, நெருக்கடியில் ஒருவரையொருவர் அறிகிறது. முதல் இரண்டு ஆண்டுகளில், நான்காம் சுற்றுவரை நியாயமாக எட்டக்கூடிய போட்டிகளே அட்டவணையின் பெரும்பகுதியாக இருக்கட்டும்; இரண்டோ மூன்றோ முறை மட்டும் தகுதிக்கு மேலான போட்டியில் தலைகாட்டிப் பார்க்கலாம். உலகின் முதல் பத்து ஜோடிகளுக்குள் வந்துவிட்டால் இந்தத் தேர்வுரிமையே சுருங்கிவிடும். சூப்பர் 1000, சூப்பர் 750 போட்டிகளில் ஆடுவது கட்டாயமாகிறது, தக்க காரணமின்றி விலகினால் அபராதம் உண்டு.

பணம்

வேர்ல்டு டூரின் சூப்பர் 100, 300, 500 போட்டிகளுக்கான பங்கீட்டின்படி, ஒற்றையர் சாம்பியனுக்கு மொத்தப் பரிசுத்தொகையில் 7.5 சதவீதம். இரட்டையர் சாம்பியன் ஜோடிக்கு 7.9 சதவீதம். அதை இருவர் பிரித்துக்கொள்ள வேண்டும். மொத்தம் ஒரு லட்சம் டாலர் உள்ள போட்டியில் ஒற்றையர் வெற்றியாளர் 7,500 டாலர் பெறுவார். இரட்டையர் வெற்றியாளர் ஒவ்வொருவரும் 3,950 டாலர். பயணச் செலவோ ஒற்றையர் வீரருக்கும் இரட்டையர் வீரருக்கும் ஒன்றுதான். இந்த வேறுபாடு எனக்கு வருத்தம் தருகிறது. ஆயினும் திட்டமிடும்போது இதை உள்ளபடியே எடுத்துக்கொள்ள வேண்டும். கீழ்நிலைப் போட்டிகளில் பட்டம் வென்றாலும் பயணக் கட்டணம் திரும்பாது என்ற கணக்கோடுதான் முதல் ஆண்டுகளைத் தொடங்க வேண்டும். வேலைவாய்ப்பு தரும் நிறுவன அணி, வெளிநாட்டுக் கிளப் லீக், தேசிய அணி உதவித்தொகை ஆகியவற்றில் ஒன்றேனும் கைவசம் இருக்க வேண்டும். ராக்கெட் நிறுவன ஒப்பந்தங்கள் பெரும்பாலும் தனித்தனி ஆளுக்கே வருகின்றன. ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராத காலத்தில் மனக்கசப்பு உண்டாவது இயல்பு. பொதுப் பயிற்சியாளர், உடற்பயிற்சி வல்லுநர் செலவுகளை எப்படிப் பகிர்வது, ஒருவர் காயமடைந்தால் முன்பதிவு இழப்பு யாருடையது என்பவற்றை ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையொப்பமிட்டு வைப்பது நட்புக்குக் கேடல்ல. நட்பைக் காப்பதே அந்தத் தாள்.

உடல் பற்றி விரிவாகச் சொல்ல இங்கே இடமில்லை. தோள்பட்டை, முழங்கால், கணுக்கால், குதிகால் தசைநாண் ஆகியவற்றில் வரும் காயங்கள் எல்லா பாட்மிண்டன் வீரருக்கும் பொது. இரட்டையருக்கே உரிய ஆபத்து கண்ணுக்கு வருவது. வலைக்கு அருகே நிற்பவர் மீது பந்து பாய்வதும், இணையின் ராக்கெட் படுவதும் நடக்கின்றன. பயிற்சியிலாவது பாதுகாப்புக் கண்ணாடி அணிவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஊக்கமருந்துச் சோதனைப் பட்டியலில் பெயர் சேர்ந்தபின், இருப்பிடத் தகவலைத் தவறாமல் பதிவு செய்ய வேண்டும். பன்னிரண்டு மாதத்தில் மூன்று தவறல்கள் விதிமீறலாகும். சூதாட்டக்காரர் அணுகினால் மறுப்பது மட்டும் போதாது, கூட்டமைப்புக்குத் தெரிவிக்கவும் வேண்டும். வேண்டுமென்றே தோற்கும் உத்தியும் குற்றமே: 2012 லண்டன் ஒலிம்பிக்கில் எளிய எதிராளியைப் பெறுவதற்காக முழு முயற்சியின்றி ஆடிய நான்கு மகளிர் ஜோடிகள் வெளியேற்றப்பட்டன.

பிரிவும் மறுதொடக்கமும்

லண்டனில் வெளியேற்றப்பட்ட அந்த எட்டுப் பேரில் ஒருவர் இந்தோனேசியாவின் கிரேசியா போலி. பிற்பாடு அவருடைய இணை நித்யா கிரிஷிண்டா மகேஸ்வரி காயத்தால் ஒதுங்க நேர்ந்தது. 2017-இல், தன்னைவிடப் பத்து வயதுக்கும் மேல் இளையவரான அப்ரியானி ரஹாயுவுடன் அவர் புதிதாகத் தொடங்கினார். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், தரநிலை முன்னுரிமை பெறாத அந்த ஜோடி தங்கம் வென்றது. போலிக்கு அப்போது வயது 33. சோ சூங்-ஜே, கிம் வோன்-ஹோ இருவரும் 2025 தொடக்கத்தில் மீண்டும் இணைந்து, அதே ஆண்டு ஜூலையில் உலக முதலிடத்தையும், ஆகஸ்டில் உலகப் பட்டத்தையும் பெற்றார்கள். இணை மாறினால் புள்ளிக் கணக்கு கீழிருந்து தொடங்கும். கைவசமுள்ள திறமை அப்படித் தொடங்க வேண்டியதில்லை.

பிரிவதற்குச் சரியான வேளை எது என்று கேட்டால், தோல்விகளின் எண்ணிக்கையை நான் அளவுகோலாகக் கொள்ள மாட்டேன். தோற்றபின் இருவரும் சேர்ந்து காணொளி பார்ப்பது நின்றுபோய், ஆறு மாதமாகியும் அது திரும்பவில்லை என்றால் அப்போது பேச வேண்டும். ஒலிம்பிக் தகுதிக் காலத்தின் நடுவில் பிரிவதைத் தவிர்க்கவும். அந்தச் சுற்று முடிந்த உடனே வரும் மாதங்களே புதிய இணைகள் உருவாகும் காலம்.

இரட்டையரின் பெரிய நன்மை நீண்ட ஆயுள். இந்தோனேசியாவின் ஹெண்ட்ரா செதியவான் 2007-இல் மார்கிஸ் கிடோவுடன் உலகப் பட்டம் வென்றார். பின் முகமது அஹ்சானுடன் 2013, 2015, 2019 ஆண்டுகளில் வென்றார். கடைசிப் பட்டத்தின் இறுதியாட்டம் அவருடைய 35-ஆம் பிறந்தநாளன்று நடந்தது. கால் வேகம் குறையும்போது முன்களத்துக்கு நகர்ந்து, அனுபவத்தால் பந்தின் போக்கை முன்னறிந்து ஆடினால், முப்பதுக்குப் பிறகும் சில ஆண்டுகள் மேல்மட்டத்தில் நிற்கலாம். அந்த ஆண்டுகளில் இளையவர் ஒருவருக்கு இணையாக இருப்பது, பிற்காலப் பயிற்சியாளர் பணிக்கும் நேரடித் தயாரிப்பாகும்.

ஓய்வு முடிவை எடுத்தால் அதைச் சங்கத்துக்கும் பத்திரிகைக்கும் முன்னதாக இணையிடம் சொல்லுங்கள். குறைந்தது ஆறு மாதம் முன்பே, கடைசிப் போட்டி எது என்ற தேதியோடு சொல்லுங்கள். அந்த இடைவெளியில் அவர் வேறொருவருடன் சிறு போட்டிகளில் ஆடிப் பார்த்து, உங்களுடன் சேர்த்த புள்ளிகள் காலாவதியாகும் முன் புதிய ஜோடியின் கணக்கைத் தொடங்கிக்கொள்ள முடியும்.