எடை குறைப்பு ஆபரேஷனுக்குப் போகிறீர்களா? மெதுவாகச் சாப்பிட இப்போதே பழகுங்கள்

ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது "ரொம்ப வலிக்குமா?" என்றுதான். வலிக்கும். ஆனால் லேப்ராஸ்கோப்பியில் சின்னச் சின்னத் துளை போட்டுச் செய்வதால் அது சில நாள் வலி, மருந்துக்கு அடங்கிவிடும். நீங்கள் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி வேறு: ஒரு அவித்த முட்டையை அரை மணி நேரம் வைத்துச் சாப்பிட முடியுமா, பாதியில் போதும் என்று தோன்றினால் மீதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட முடியுமா? எனக்கு ஸ்லீவ் ஆபரேஷன் ஆகி ஐந்து வருடம் முடிந்துவிட்டது. அதற்கு முன் பல வருடம் டயட் இருந்து, எடை இறங்கி, மறுபடி ஏறி, களைத்துப் போனவள் நான். இந்த ஐந்து வருடத்தில் எனக்குக் கைகொடுத்தவை பெரும்பாலும் ஆபரேஷனுக்கு முன்பே பழகிக்கொண்டவைதான். பழகாமல் விட்டது ஒன்று உண்டு, அது இன்றுவரை என்னைப் படுத்துகிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில், உங்களுக்கு என்ன செய்யப்போகிறார்கள் என்று சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்லீவ் என்றால் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் நிரந்தரமாக வெட்டி எடுத்துவிடுவார்கள், மிஞ்சுவது வாழைப்பழம் போல ஒரு குழாய். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரக்கிற மேல்பகுதியும் அதோடு போய்விடுவதால்தான் முதல் சில மாதம் பசியே தெரிவதில்லை. பைபாஸ் என்றதும் வீட்டில் எல்லாரும் இதயம் என்று பயந்துவிடுவார்கள், இது வயிற்றுப் பைபாஸ்: இரைப்பையின் மேல்முனையில் சுமார் 30 மில்லி கொள்ளும் சின்னப் பை ஒன்றைப் பிரித்து அதைச் சிறுகுடலோடு நேராக இணைத்துவிடுவார்கள், மீதி இரைப்பை உள்ளேயே இருக்கும், ஆனால் சாப்பாடு அந்த வழியாகப் போகாது. ஏற்கெனவே நெஞ்செரிச்சல் அதிகம் உள்ளவர்களுக்கு ஸ்லீவுக்குப் பிறகு அது கூடலாம், அப்படிப்பட்டவர்களுக்குப் பைபாஸைத்தான் பல சர்ஜன்கள் சொல்வார்கள். "எனக்கு ஏன் இது, ஏன் அது இல்லை?" என்று தயங்காமல் கேளுங்கள். பதில் சொல்லப் பொறுமை இல்லாத டாக்டரிடம் உங்கள் வயிற்றைக் கொடுக்காதீர்கள், இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

அப்புறம் எதிர்பார்ப்பு. சராசரியாகப் பார்த்தால் ஒன்றரை, இரண்டு வருடத்துக்குள் மொத்த எடையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை குறையும். 120 கிலோ இருப்பவர் 85, 90 கிலோவுக்கு வருவது நல்ல வெற்றி. 60 கிலோ என்று மனதில் எழுதி வைத்துக்கொண்டால் அந்த வெற்றியும் தோல்வியாகத் தெரியும்.

ஆபரேஷனுக்கு முன்

புகையிலை எந்த வடிவில் இருந்தாலும் நிறுத்துங்கள், குறைந்தது ஆறு வாரத்துக்கு முன்பாவது. காயம் ஆறுவதற்கும் அது கெடுதல், பைபாஸ் செய்த இடத்தில் புண் வருவதற்கும் அது முக்கியக் காரணம். குறட்டை விடுபவர் என்றால் தூக்கப் பரிசோதனை செய்யச் சொல்வார்கள். தூக்கத்தில் மூச்சு அடைபடாமல் காற்றைச் செலுத்தும் கருவி கொடுத்தால் கூச்சப்படாமல் மாட்டிக்கொண்டு தூங்குங்கள், மயக்க மருந்து கொடுக்கும்போது அது உங்களுக்குப் பாதுகாப்பு. எண்டோஸ்கோபி, ரத்தப் பரிசோதனை, மனநல ஆலோசகரோடு ஒரு பேச்சு எல்லாம் இருக்கும். அந்த ஆலோசகரிடம் நல்ல பெயர் வாங்கப் பார்க்காதீர்கள். ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு எழுந்து சாப்பிடும் பழக்கம் இருந்தால் சொல்லிவிடுங்கள். நான் மறைத்தேன், உதவி கிடைக்க வேண்டிய நேரத்தில் கிடைக்காமல் போனது.

கடைசி இரண்டு வாரம் மாவும் சர்க்கரையும் மிகக் குறைவான டயட் ஒன்று கொடுப்பார்கள். கல்லீரலின் இடது பகுதி இரைப்பைக்கு மேலேயே படுத்திருக்கிறது. அது வீங்கிக் கொழுத்திருந்தால் சர்ஜனால் அதைத் தூக்கி வேலை செய்ய முடியாது. இந்த இரண்டு வாரத்தில் அது சுருங்கி மெத்தென்று ஆகிவிடும். முதல் நான்கு நாள் தலைவலியும் எரிச்சலும் இருக்கும், ஐந்தாம் நாள் சரியாகும். சுகருக்கு மருந்து எடுப்பவர்கள் இந்த டயட்டை ஆரம்பிக்கும் முன்பே டாக்டரிடம் அளவைக் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் சுகர் இறங்கிவிடும்.

இனி பழக்கம். இரண்டு மாதத்துக்கு முன்பே ஆரம்பியுங்கள். குழந்தைகளுக்கு ஊட்டும் சின்ன ஸ்பூன் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாய் எடுத்ததும் ஸ்பூனைக் கீழே வையுங்கள், கையில் பிடித்துக்கொண்டே மெல்லக் கூடாது, ஏனென்றால் கையில் ஸ்பூன் இருந்தால் அடுத்த வாய் தானாக வந்துவிடும். கூழாகும் வரை மெல்லுங்கள். சாப்பிடும்போது தண்ணீர் குடிப்பதை விடுங்கள், சாப்பிட்ட பின்னும் அரை மணி நேரம் வேண்டாம். எனக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது இந்தத் தண்ணீர்தான். டம்ளர் பக்கத்தில் இருந்தால் கை தானாகப் போகும் என்பதால் டம்ளரையே சமையலறையில் வைத்துவிட்டு வருவேன், பழக ஒன்றரை மாதம் பிடித்தது. ஆபரேஷன் முடிந்து உடம்பு நொந்திருக்கும் நேரத்தில் இதையெல்லாம் புதிதாகக் கற்றுக்கொள்ள உட்கார்ந்தால் அழுகைதான் வரும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: புரோட்டீன் பவுடரைப் பெரிய டப்பாவாக வாங்கி அடுக்காதீர்கள். ஆபரேஷனுக்குப் பிறகு நாக்கின் ருசி பலருக்கும் மாறிவிடும், முன்பு பிடித்த வாசனையே குமட்டும். சின்னப் பொட்டலமாக வாங்கிப் பாருங்கள்.

ஆஸ்பத்திரியிலும் முதல் வாரங்களிலும்

அன்றைக்கே எழுந்து நடக்கச் சொல்வார்கள். நடங்கள். காலில் ரத்தம் உறையாமல் இருக்க அது முக்கியமான வழி. வயிற்றுக்குள் ஊதிய வாயுவால் தோள்பட்டை வலிக்கும், "வயிற்றில்தானே ஆபரேஷன், தோள் ஏன் வலிக்கிறது?" என்று பயப்பட வேண்டாம், உதரவிதானம் உறுத்தப்படுவதால் வருகிற வலி அது, நடக்க நடக்கக் குறையும். ஆனால் காய்ச்சல், இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 120ஐத் தாண்டி இறங்காமல் நிற்பது, மூச்சு வாங்குவது, வயிற்று வலி கூடிக்கொண்டே போவது, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, இதில் எது வந்தாலும் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். தையல் போட்ட இடத்தில் கசிவு இருந்தால் முதலில் காட்டுவது பெரும்பாலும் இந்த நாடித்துடிப்புதான். நடு ராத்திரியாக இருந்தாலும் கிளம்பிவிடுங்கள்.

சாப்பாடு படிப்படியாக வரும். முதல் ஓரிரு நாள் தெளிந்த நீர் மட்டும், பிறகு இரண்டு வாரம் போலக் கெட்டியான திரவங்கள், அப்புறம் மசித்தது, மென்மையானது, ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் சாதாரண உணவு. ஒவ்வொரு ஆஸ்பத்திரியின் அட்டவணையும் கொஞ்சம் மாறும், உங்களுக்குக் கொடுத்ததையே பின்பற்றுங்கள், இன்னொருவர் பத்தாம் நாளே கோழி சாப்பிட்டேன் என்று சொன்னால் காதில் வாங்காதீர்கள். தண்ணீரை ஒன்றரை லிட்டர் சேரும் வரை நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாக உறிஞ்ச வேண்டும். முதல் மாதம் ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வருகிறவர்களில் நிறையப் பேருக்குக் காரணம் உடம்பில் நீர் வற்றிப்போவதுதான். புரோட்டீன் நாளுக்கு 60 முதல் 80 கிராம், அதனால் தட்டில் எது இருந்தாலும் முதலில் முட்டை, மீன், கோழி, பருப்பு, அப்புறம்தான் மற்றது.

அந்த முட்டைக் கதைக்கு வருகிறேன். ஐந்தாவது வாரம் எனக்கு மென்மையான உணவுக்கு அனுமதி கிடைத்தது, ஒரு முட்டையை மெதுவாக அவித்து, கட்டைவிரல் நகம் அளவு துண்டுகளாக வெட்டி வைத்துக்கொண்டேன். நான்கு துண்டு அருமையாக இறங்கியது. ஐந்தாவது துண்டை மெல்லும்போது மூக்கில் லேசாக நீர் வந்தது, ஒரு விக்கல் வந்தது. சளி பிடிக்கிறதோ என்று நினைத்து ஆறாவதையும் போட்டேன். நெஞ்சு நடுவில் கல் வைத்து அழுத்தியதுபோல ஒரு வலி, வாயெல்லாம் எச்சில் ஊறி நுரை நுரையாக வந்தது, இருபது நிமிடம் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூக்கு ஒழுகல், விக்கல், தும்மல், ஒரு பெருமூச்சு, இப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு அடையாளம் இருக்கும், "நிறைந்துவிட்டது" என்று சின்ன வயிறு சொல்லும் பாஷை அது. வயிறு முட்டும் அந்தப் பழைய உணர்வுக்காகக் காத்திருந்தால் தாண்டிப் போய்விடுவீர்கள். உங்கள் அடையாளம் எது என்று முதல் மாதமே கவனித்துக் குறித்துவையுங்கள்.

இனிப்போ நிறைய மாவுப் பண்டமோ சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றைப் பிசைவது, பேதி வந்தால் அது டம்பிங். பைபாஸ் செய்தவர்களுக்கு அதிகம் வரும். ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்துக் கை நடுங்கி மயக்கமாக வந்தால் அது சுகர் இறங்குவது, டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

மாத்திரைகள்

இது வாழ்நாள் முழுக்க. மல்டிவிட்டமின், பி12, வைட்டமின் டி, இரும்பு, கால்சியம். கால்சியம் பொதுவாக நாளுக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம், சிட்ரேட் வகை நல்லது, ஒரே வேளையில் போடாமல் பிரித்துப் போட வேண்டும். இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்து விழுங்கினால் இரும்பு உடம்பில் ஒட்டாது, இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். நான் போனில் மூன்று அலாரம் வைத்திருக்கிறேன், ஐந்து வருடமாக அணைக்கவில்லை. நன்றாகத்தானே இருக்கிறேன் என்று நிறுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், குறைபாடு உடனே தெரியாது, கால் மரத்துப்போகும்போதுதான் தெரியும். ஐபுபுரோஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைப் பைபாஸ் செய்தவர்கள் தவிர்க்க வேண்டும், புண் வரும். பல் டாக்டர் எழுதிக் கொடுத்தாலும் உங்கள் ஆபரேஷனைச் சொல்லி மாற்றிக் கேளுங்கள். நாள்கணக்கில் வாந்தி நிற்கவில்லை என்றால் தயாமின் என்ற பி1 குறைந்து மூளையையே பாதிக்கும், அது அவசரம்.

பெண்களுக்கு ஒன்று. எடை இறங்கும்போது கருத்தரிக்கும் வாய்ப்பு திடீரென்று கூடும், ஆனால் 12 முதல் 18 மாதம் வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்வார்கள். பைபாஸுக்குப் பிறகு கருத்தடை மாத்திரையை மட்டும் நம்ப முடியாது, வேறு வழியை முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

பயமுறுத்தும், ஆனால் கடந்துவிடும்

மூன்றாவது வாரம் வாக்கில் எடை இயந்திரத்தில் முள் அசையாது. ஏறக்குறைய எல்லாருக்கும் நடக்கும், தானாக நகரும், வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் எடை பாருங்கள். மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதத்துக்குள் முடி கொட்டும். எனக்குச் சீப்பில் கொத்துக் கொத்தாக வந்தது, ஒரு வருடம் ஆவதற்குள் நெற்றியோரம் குட்டி முடிகள் முளைத்து நின்றன. வேகமாக இளைப்பதால் பித்தப்பைக் கல் வரலாம், அதற்குத்தான் ஆறு மாதம் ஒரு மாத்திரை கொடுக்கிறார்கள். தளர்ந்த தோல் மட்டும் உடற்பயிற்சியால் முழுதாகப் போகாது.

மது பழக்கம் உள்ளவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு அது மிக வேகமாக ரத்தத்தில் ஏறும், சாப்பாட்டில் கிடைத்த ஆறுதலை மதுவில் தேடிப்போய் அடிமையானவர்கள் உண்டு. என் ஆலோசனை, முழுதாக விட்டுவிடுங்கள்.

இனி நான் பழகாமல் விட்டது. வயிற்றுப் பசி மாதக்கணக்கில் காணாமல் போயிருந்தது, ஆனால் மாலை ஆறு மணிக்கு வேலை முடிந்து வந்ததும் கை எதையாவது தேடும். அது களைப்பு, தனிமை, சில நாள் கோபம். இரண்டாவது வருடம் பசி மெல்லத் திரும்பியபோது இந்த மனப்பசியும் அதோடு சேர்ந்துகொண்டது. சின்ன வயிற்றில் நிறையச் சாப்பிட முடியாதுதான், ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக ராத்திரி பத்து மணி வரை கொறிக்க முடியும், மொறுமொறுப்பான தீனிகள் கரைந்து இறங்கிக்கொண்டே இருக்கும், வயிறு தடுக்காது. மூன்றாவது வருடம் ஆறு கிலோ ஏறிவிட்டது. வெட்கத்தில் நான்கு மாதம் செக்கப்புக்கே போகவில்லை. ஓரளவு எடை திரும்புவது பலருக்கும் நடப்பதுதான் என்று அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை, அதனால் உங்களுக்கு இப்போதே சொல்கிறேன்.

கடைசியில் டயட்டீஷியனுக்குப் போன் செய்தேன். அவர் திட்டவில்லை, ஒரு வாரம் சாப்பிட்டதையும் சாப்பிட்ட நேரத்தையும் எழுதி எடுத்து வரச் சொன்னார். எழுதிய தாளைப் பார்த்தால் காலையும் மதியமும் ஒழுங்காக இருந்தது, எல்லாக் கிறுக்கலும் மாலை ஆறு மணிக்குப் பிறகுதான். அங்கிருந்து ஒரு மனநல ஆலோசகரிடம் அனுப்பினார், ஆபரேஷனுக்கு முன்னால் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டிய அதே பேச்சை அப்போது பேசினேன். இப்போது ஆறு மணிக்கு வீட்டுக்குள் நுழைவதற்கு முன் அரை மணி நேரம் நடந்துவிட்டு வருகிறேன். நான்கு கிலோ இறங்கியிருக்கிறது. மாலையில் கை இன்னும் தேடத்தான் செய்கிறது.