பிரிட்டனில் எரிவாயு நிறுவனத்தை மாற்றிச் செலவைக் குறைப்பது எப்படி?

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகிய பகுதிகளில் வாழும் எல்லாக் குடும்பங்களுக்கும், தங்கள் வீட்டுக்கு எரிவாயு விற்கும் நிறுவனத்தைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமை 1998 முதல் இருந்துவருகிறது. இருந்தும், குடிபுகுந்த நாளில் அந்த வீட்டுக் கணக்கு எந்த நிறுவனத்திடம் இருந்ததோ அதிலேயே ஆண்டுக்கணக்கில் தொடர்பவர்கள் நம்மவர்களில் ஏராளம். நிறுவனத்தை மாற்றினால் இடையில் அடுப்பு நின்றுவிடுமோ, யாராவது வந்து குழாயைத் தோண்டுவார்களோ என்ற அச்சமே பலரைத் தடுக்கிறது. அப்படி எதுவும் நடப்பதில்லை. நிலத்தடிக் குழாய்கள் விற்பனை நிறுவனத்துக்குச் சொந்தமானவை அல்ல. வட லண்டனில் கேடன்ட், தென் லண்டனில் எஸ்.ஜி.என். என்று பகுதிக்கொரு விநியோக நிறுவனம் அவற்றைப் பராமரிக்கிறது. நீங்கள் யாரிடம் வாங்கினாலும் அதே குழாய், அதே மீட்டர், அதே எரிவாயுதான். கசிவு ஏற்பட்டால் அழைக்க வேண்டிய 0800 111 999 என்ற எண்ணும் மாறாது. மாறுவது பில் அனுப்புபவரும் அவர் கேட்கும் விலையும் மட்டுமே. வட அயர்லாந்தின் சந்தையும் விதிகளும் தனியானவை என்பதால், கீழே சொல்லப்படுபவை அங்கு அப்படியே பொருந்தா.

முதலில் கையில் எடுக்க வேண்டியது உங்கள் கடைசி பில். அதில் பலரும் பார்ப்பது மாதந்தோறும் வங்கிக் கணக்கிலிருந்து போகும் டைரக்ட் டெபிட் தொகையைத்தான். ஒப்பிடுவதற்கு அது கொஞ்சமும் உதவாது. ஓராண்டுச் செலவை நிறுவனம் உத்தேசமாகக் கணித்துப் பன்னிரண்டாக வகுத்த தொகை அது. கோடையில் உங்கள் பணம் அவர்களிடம் சேர்வதும் குளிர்காலத்தில் கரைவதும் அதற்குள் மறைந்திருக்கும். புதிய நிறுவனம் ஒன்று மாதத்துக்கு 20 பவுண்டு குறைவாகக் கேட்கிறது என்றால், அதன் விலை குறைவு என்றும் இருக்கலாம், உங்கள் பயன்பாட்டை அது குறைத்து மதிப்பிட்டிருக்கிறது என்றும் இருக்கலாம். பின்னது உண்மையானால், மிச்சம்போலத் தெரிந்தது சில மாதங்களில் கடனாகத் திரும்பி வரும். ஆகவே பில்லில் தேட வேண்டியது நான்கு விவரங்களை: கடந்த 12 மாதங்களில் நீங்கள் பயன்படுத்திய எரிவாயு எத்தனை கிலோவாட் மணி, ஒரு கிலோவாட் மணிக்கு என்ன விலை (இதுவே யூனிட் விலை), எரிவாயுவைப் பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் நாள் ஒன்றுக்குக் கட்ட வேண்டிய ஸ்டாண்டிங் சார்ஜ் எவ்வளவு, இப்போதைய திட்டத்தின் பெயரும் அது முடியும் தேதியும்.

பில்லில் உள்ள மீட்டர் அளவு உத்தேசமானது என்று குறிக்கப்பட்டிருந்தால் அதை நம்பிக் கணக்கிட வேண்டாம். நீங்களே மீட்டரைப் பார்த்து எண்ணை நிறுவனத்துக்கு அனுப்பி, திருத்திய பில்லை வாங்குங்கள். எரிவாயு மீட்டர் கன மீட்டரிலோ, பழையதாக இருந்தால் நூறு கன அடிகளிலோ அளக்கும். பில் கிலோவாட் மணியில் வரும். ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 11 கிலோவாட் மணி என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். பழைய மீட்டரின் எண்ணைப் புதிய மீட்டரின் எண்ணாகக் கொண்டு பில் போட்டால் தொகை பெருமளவு பிசகிவிடும் என்பதால், மீட்டரின் முகப்பில் எந்த அலகு எழுதியிருக்கிறது என்பதையும் பில்லோடு ஒத்துப்பாருங்கள்.

விலையின் இரு பகுதிகளும் எப்படிச் சேர்ந்து வேலை செய்கின்றன என்பதைப் புரிந்துகொள்வதில்தான் குறைந்த வருமானக் குடும்பத்தின் மிச்சம் இருக்கிறது. கற்பனையாக இரண்டு திட்டங்களை எடுத்துக்கொள்வோம். முதலாவதில் கிலோவாட் மணிக்கு 6.3 பென்ஸ், நாளுக்கு 34 பென்ஸ். இரண்டாவதில் கிலோவாட் மணிக்கு 5.9 பென்ஸ், நாளுக்கு 40 பென்ஸ். ஆண்டுக்கு 8,000 கிலோவாட் மணி செலவழிக்கும் குடும்பத்துக்கு முதல் திட்டத்தில் ஏறத்தாழ 628 பவுண்டும் இரண்டாவதில் 618 பவுண்டும் ஆகும். ஒற்றை அறை ஃபிளாட்டில் 3,000 கிலோவாட் மணியோடு காலம் தள்ளுபவருக்கோ முதலாவதில் 313 பவுண்டு, இரண்டாவதில் 323 பவுண்டு. அதாவது நிலைமை தலைகீழாகிறது. விளம்பரத்தில் பெரிதாகப் போடப்படும் யூனிட் விலையைப் பார்த்து, சிக்கனமாக வாழ்பவர் மாறினால் அவருக்கு நட்டமே. சமையலுக்கு மட்டுந்தானே கேஸ் என்று நினைக்கும் வீடுகளும் ஒருமுறை கணக்கைப் பார்ப்பது நல்லது. தினமும் சோறும் குழம்பும் கொதிக்கும் வீட்டில்கூட, பாய்லர் எரிவாயுவில் ஓடுமானால், பெரும்பகுதியை விழுங்குவது வீட்டைச் சூடாக்குவதும் வெந்நீருமே.

ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் அறிவிக்கும் விலை உச்சவரம்பு 2019 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றப்படுகிறது. இது மொத்த பில்லுக்கான வரம்பு என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அப்படியல்ல, யூனிட் விலைக்கும் ஸ்டாண்டிங் சார்ஜுக்குமான வரம்பு மட்டுமே அது. அதிகம் எரித்தால் அதிகம் கட்டத்தான் வேண்டும். நீங்கள் எந்தத் திட்டத்தையும் தேர்ந்தெடுக்காமல் இருந்தால், இந்த வரம்பை ஒட்டியே விலை ஏறி இறங்கும் மாறும் விலைத் திட்டத்தில்தான் பெரும்பாலும் இருப்பீர்கள். அதிலிருந்து விலக அபராதம் கிடையாது. நிலையான விலைத் திட்டமோ ஓராண்டு, ஈராண்டு என்று விலையைப் பூட்டிவைக்கும். இடையில் விலகினால் பெரும்பாலும் வெளியேறும் கட்டணம் கேட்பார்கள். திட்டம் முடிவதற்கு முந்தைய 49 நாட்களுக்குள் மாறினால் அந்தக் கட்டணத்தை வசூலிக்கக் கூடாது என்பது விதி. மாதச் செலவை எண்ணி எண்ணி நடத்தும் குடும்பத்துக்கு, மாறும் விலையைவிடச் சற்றே மலிவான நிலையான திட்டம் கிடைத்தால் அதுவே நல்லது என்பது என் கருத்து. விலை பிறகு இறங்கினால் சில பவுண்டுகள் கைநழுவலாம். ஆனால் ஜனவரியில் திடீர் ஏற்றம் வராது.

ஒப்பீட்டுத் தளங்களில் உங்கள் அஞ்சல் குறியீட்டையும் ஆண்டுப் பயன்பாட்டையும் கொடுத்தால் பட்டியல் வரும். தரகுத் தொகை தரும் நிறுவனங்களை மட்டும் முதலில் காட்டும் தளங்கள் இருப்பதால், எல்லாத் திட்டங்களையும் காட்டு என்ற தெரிவு இருக்கிறதா என்று தேடுங்கள். ஆஃப்ஜெம் அங்கீகரித்த தளமாக இருப்பது பாதுகாப்பு. எரிவாயுவையும் மின்சாரத்தையும் ஒரே இடத்தில் வாங்கினால்தான் மலிவு என்பதில்லை. தனித்தனியாகவும் விலை பாருங்கள்.

நெருக்கடியில் இருப்பவர்கள் கையெழுத்திடுமுன் மூன்று விஷயங்களைச் சரிபார்க்க வேண்டும். வார்ம் ஹோம் டிஸ்கவுண்ட் எனப்படும் 150 பவுண்டுத் தள்ளுபடி பொதுவாக மின்சாரக் கணக்கில் வரவாகும்; அரசு குறிக்கும் தகுதி நாளில் நீங்கள் யாரிடம் மின்சாரம் வாங்குகிறீர்களோ அவரே அதைத் தருவார். மிகச் சிறிய நிறுவனங்கள் சில அத்திட்டத்தில் இல்லை என்பதால், எரிவாயுவோடு மின்சாரத்தையும் மாற்றுபவர்கள் இதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். 40 பவுண்டு மிச்சத்துக்காக 150 பவுண்டை இழக்கக் கூடாது. அடுத்தது பழைய பாக்கி. சாதாரண மீட்டரில் 28 நாட்களுக்கு மேற்பட்ட பாக்கி இருந்தால் இப்போதைய நிறுவனம் மாற்றத்தைத் தடுக்கலாம். முன்கூட்டியே பணம் போட்டுப் பயன்படுத்தும் பிரீபேமெண்ட் மீட்டர் வைத்திருப்பவர்களுக்கோ, ஓர் எரிபொருளுக்கு 500 பவுண்டு வரையிலான கடனைப் புதிய நிறுவனத்துக்குக் கொண்டுபோக வழி இருக்கிறது. மூன்றாவது வாடகை வீடு. பில் உங்கள் பெயரில் வந்து நீங்களே கட்டுகிறீர்கள் என்றால் நிறுவனத்தை மாற்றும் உரிமை உங்களுடையதுதான். வீட்டுக்காரர் பில்லைக் கட்டி வாடகையோடு சேர்த்து வாங்கினால் அந்த உரிமை அவருடையது.

தேர்ந்தெடுத்த பிறகு வேலை சுலபம். புதிய நிறுவனத்திடம் முகவரி, வங்கி விவரம், முடிந்தால் பில்லில் எம்.பி.ஆர்.என். என்ற பெயரில் உள்ள எரிவாயு இணைப்பின் அடையாள எண் ஆகியவற்றைக் கொடுத்தால் பழைய நிறுவனத்துக்கு அவர்களே தெரிவிப்பார்கள். மாற்றம் பொதுவாக 5 வேலை நாட்களில் முடிந்துவிடும். மனம் மாறினால் 14 நாட்களுக்குள் ரத்து செய்யலாம். மாறும் நாளில் மீட்டரைக் கைபேசியில் தேதியோடு படமெடுத்து, அதே எண்ணை இரு நிறுவனங்களுக்கும் அனுப்புங்கள். ஸ்மார்ட் மீட்டர் இருந்தாலும் இந்தப் படம் இருப்பது நல்லது, ஏனெனில் தகராறு வந்தால் சான்று இதுவே. பழைய டைரக்ட் டெபிட்டை அவசரப்பட்டு நிறுத்த வேண்டாம். இறுதி பில் 6 வாரங்களுக்குள் வர வேண்டும்; அதில் உங்கள் பணம் மீதமிருந்தால் அடுத்த 10 வேலை நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். வராவிட்டால் முதலில் எழுத்தில் புகார் கொடுங்கள். 8 வாரமாகியும் தீராவிட்டால், இத்தகைய தகராறுகளை விசாரிக்கும் எனர்ஜி ஓம்புட்ஸ்மனிடம் கட்டணமின்றி முறையிடலாம். முதியவர்களோ நோயாளிகளோ கைக்குழந்தையோ உள்ள வீடுகள், கூடுதல் உதவி தேவைப்படுவோருக்கான முன்னுரிமைச் சேவைப் பதிவேட்டில் தங்கள் பெயர் புதிய நிறுவனத்திடமும் இருக்கிறதா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். திட்டம் முடியும் தேதிக்கு ஏழு வாரம் முன்னதாக நாட்காட்டியில் ஒரு குறிப்பு எழுதிவையுங்கள். கட்டணமின்றி அடுத்த ஒப்பீட்டைத் தொடங்க வேண்டிய நாள் அதுதான்.