மிதக்கும் பம்பரத்தின் வரலாற்றை வம்பில் மாட்டாமல் எழுதுவது எப்படி

காந்தத்துக்கு மேலே, எதையும் தொடாமல், காற்றில் சுற்றிக்கொண்டு நிற்கும் லெவிட்ரான் பம்பரத்தைப் பற்றி விக்கிப்பீடியாவில் எழுதப் போகிறீர்களா? நல்லது. ஆனால் "இதைக் கண்டுபிடித்தவர் இன்னார்" என்ற வாக்கியத்தில் மட்டும் தொடங்காதீர்கள். அந்த ஒற்றை வாக்கியத்துக்காக அமெரிக்காவில் 1990-களிலிருந்து இணையத்தில் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். அதை அப்படியே தமிழுக்கு இறக்குமதி செய்ய வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

முதலில் ஆவணத்தில் இருப்பதை மட்டும் தேதி வரிசையில் வையுங்கள். வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த ராய் ஹாரிகன் என்பவர் இப்படி மிதக்கும் கருவிக்கு 1983 மே 3 அன்று அமெரிக்கக் காப்புரிமை வாங்கியிருக்கிறார், எண் 4,382,245. அவருடைய அடிக்காந்தம் கிண்ணம் மாதிரிக் குழிந்தது. அப்புறம் 1995 ஏப்ரல் 4 அன்று எட்வர்ட் ஹோன்ஸ், அவர் மகன் வில்லியம் ஹோன்ஸ் இருவர் பெயரிலும் இன்னொரு காப்புரிமை வருகிறது, எண் 5,404,062. இதில் அடிக்காந்தம் தட்டை. வில்லியம்தான் எல்லோரும் பில் என்று சொல்லும் ஆள். அவருடைய ஃபேசினேஷன்ஸ் நிறுவனம்தான் 1990-களின் நடுவில் லெவிட்ரான் என்ற பெயரில் இதைக் கடைகளுக்குக் கொண்டுவந்தது.

சண்டை இந்தப் பன்னிரண்டு வருட இடைவெளியில்தான் இருக்கிறது. ஹாரிகனின் யோசனையை எடுத்துக்கொண்டு அவருக்கு உரிய பெயரைத் தரவில்லை என்பது ஒரு தரப்பு. தயாரித்து விற்கக்கூடிய பொருளாக மாற்றியவர்களின் உழைப்பை மறைக்காதீர்கள் என்பது மறு தரப்பு. என்னைக் கேட்டால், முதலில் செய்து காட்டியவர் என்ற இடம் ஹாரிகனுக்குத்தான், அதைச் சொல்ல அவருடைய காப்புரிமையின் தேதியே போதும். ஆனால் "திருடினார்கள்" என்பது வேறு குற்றச்சாட்டு. அதற்குத் தனி ஆதாரம் வேண்டும். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் முடிச்சுப் போட்டால்தான் கட்டுரை நாறிப்போகிறது.

எழுதுவதற்கு முன்னால் முடிந்தால் ஒரு பம்பரத்தை வாங்கிச் சுற்றிப் பாருங்கள். இதை மிதக்கவிட்ட அனுபவம் இல்லாதவர்கள் எழுதும் கட்டுரையில் "சுற்றி விட்டால் மிதக்கும்" என்று ஒரு வரி இருக்கும். அவ்வளவு சுலபமாக மிதக்காது. அடிக்காந்தத்தின் மேல் பிளாஸ்டிக் தட்டை வைத்து, அதன் நடுவில் பம்பரத்தை விரலால் சுற்ற வேண்டும். இதிலேயே பாதிப் பேர் விட்டுவிடுவார்கள், ஏனென்றால் காந்தம் பம்பரத்தைக் கவிழ்க்கப் பார்த்துக்கொண்டே இருக்கும். நிலையாகச் சுற்ற ஆரம்பித்ததும் தட்டை மெதுவாக, சாயாமல், மேலே தூக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் சுமார் 3 செ.மீ. உயரத்தில் பம்பரம் தட்டை விட்டுத் தானாக எழும்பி நிற்கும், தட்டை உருவிவிடலாம். தட்டை விட்டு எழும்பவே இல்லையா, எடை அதிகம். எழும்பியதும் துள்ளிப் பறந்து விழுகிறதா, எடை குறைவு. கூடவே வரும் பித்தளை, பிளாஸ்டிக் வளையங்களில் ஒன்றைப் போட்டும் எடுத்தும் பாருங்கள். மிக மெல்லிய வளையம்கூட முடிவை மாற்றிவிடும். எப்போதும் ஒரே பக்கமாகச் சரிந்து விழுந்தால் எடை பிரச்சினை இல்லை, அடிக்காந்தத்தின் மட்டம் சரியில்லை. எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கத்தை ஒரு துளி உயர்த்துங்கள்.

இன்னொன்று, காலையில் மிதந்தது மதியம் மிதக்காது. இதில் வருவது ஃபெரைட் காந்தம். ஒரு டிகிரி சூடு ஏறினால் அதன் வலு சுமார் 0.2 சதவீதம் குறையும், பம்பரம் அடிக்காந்தம் இரண்டுக்கும் இது பொருந்தும். நம் ஊர் வெயிலில் ஐந்து டிகிரி ஏறுவது பெரிய விஷயமா? அதனால் எடையைத் திரும்பவும் குறைக்க வேண்டிவரும். எல்லாம் கூடிவந்தாலும் சாதாரணமாக இரண்டு நிமிடம் மிதக்கும், காற்று உரசி வேகம் குறைந்ததும் தொப்பென்று விழும். இதையெல்லாம் கையால் பட்டுத் தெரிந்துகொண்டவருக்கு, யோசனை தோன்றுவதற்கும் அதை ஒரு பெட்டியில் போட்டு விற்பதற்கும் நடுவில் எவ்வளவு வேலை இருக்கிறது என்பது புரியும். வரலாற்றை எழுதும்போது அது உதவும்.

அறிவியல் பகுதியில்தான் அதிகம் தப்பு நடக்கிறது. நிலையான காந்தங்களை மட்டும் எப்படி அடுக்கினாலும் ஒன்றின் மேல் ஒன்றை நிலையாக மிதக்கவிட முடியாது என்பது சாமுவேல் எர்ன்ஷா 1842-இல் காட்டிய தேற்றம். அப்படியானால் பம்பரம் எப்படி மிதக்கிறது? "சுழல்வதால் கவிழாமல் நிமிர்ந்து நிற்கிறது" என்று எழுதிவிட்டு நகராதீர்கள், அது பாதிக் கதைதான். அச்சு அசையாமல் செங்குத்தாகவே நின்றிருந்தால் எர்ன்ஷா தேற்றம் அப்போதும் செல்லும், பம்பரம் பக்கவாட்டில் நழுவியோ மேலும் கீழும் தப்பியோ விழுந்துவிடும். உண்மையில் பம்பரம் நகர நகர அதன் அச்சு அந்தந்த இடத்தின் காந்தப்புலத் திசைக்கு ஏற்பச் சாய்ந்து கொடுக்கிறது. அதனால் அதன் ஆற்றல் புலத்தின் மொத்த வலுவைப் பொறுத்து அமைகிறது, அந்த வலுவை எர்ன்ஷா தேற்றம் கட்டுப்படுத்தாது. இதைக் கணக்கோடு விளக்கியவர் பிரிட்டிஷ் இயற்பியலாளர் மைக்கேல் பெர்ரி, 1996-இல். அடுத்த ஆண்டு சைமன், ஹெஃப்லிங்கர், ரிட்ஜ்வே மூவரும் அமெரிக்க இயற்பியல் இதழ் ஒன்றில் விரிவாக எழுதினார்கள். மெதுவாகச் சுற்றினால் கவிழும், ரொம்ப வேகமாகச் சுற்றினால் அச்சு புலத்தோடு சாய்ந்து கொடுக்காமல் விறைத்துக்கொள்ளும், அப்போதும் விழும். ஆக, செய்தவர், விற்றவர், விளக்கியவர் மூவரும் வேறு வேறு ஆட்கள். கட்டுரையில் மூன்று பத்தியாகப் பிரித்துவிட்டால் பாதித் தகராறு அங்கேயே அடங்கிவிடும்.

சரி, ஆதாரம். காப்புரிமை ஆவணத்தைக் கூகுள் பேட்டன்ட்ஸில் எண்ணைப் போட்டு இலவசமாகவே படிக்கலாம். முகப்புச் சுருக்கத்தோடு நிறுத்தாமல், கடைசியில் எண்ணிட்டு வரும் உரிமைக் கோரிக்கைகளைப் படியுங்கள், சட்டப்படி அவருக்குச் சொந்தம் எது என்பது அங்கேதான் இருக்கும். அதிலிருந்து "இன்ன தேதியில் இன்னார் இதைக் கோரினார்" என்று எழுதலாம். "இன்னார் இன்னாரை ஏமாற்றினார்" என்று எழுத முடியாது. நீதிமன்றத் தீர்ப்பும் அப்படித்தான். இந்தப் பம்பரத்தை விற்ற நிறுவனங்களுக்கு இடையே நடந்த கிரியேட்டிவ் கிஃப்ட்ஸ் எதிர் யு.எஃப்.ஓ. என்ற வழக்கில் அமெரிக்காவின் பத்தாவது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000-இல் தீர்ப்பு சொன்னது, அது லெவிட்ரான் என்ற வணிகப் பெயரைப் பற்றியது. பம்பரத்தை யார் முதலில் கண்டுபிடித்தார் என்பதற்கு அந்தத் தீர்ப்பைச் சாட்சியாக இழுத்து வராதீர்கள்.

பழைய இணையதளங்கள் பல இப்போது திறக்காது, பழைய பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் தேடலாம். ஆனால் அதில் காட்டும் தேதி அந்தப் பக்கம் சேமிக்கப்பட்ட தேதிதான், எழுதிய தேதி அல்ல. எந்தப் பக்கமானாலும் எழுதியவர் பம்பரம் விற்றவரா என்று பாருங்கள். விற்றவர் சொல்வது பொய் என்று அர்த்தமில்லை. அவர் பெயரைச் சொல்லி, அவர் வாதமாகவே எழுதுங்கள், விக்கிப்பீடியாவின் குரலில் எழுத வேண்டாம்.

இவ்வளவு பார்த்து எழுதியும் யாராவது வந்து அழிப்பார். உடனே மீட்டமைத்து, அவர் திரும்ப அழித்து, நீங்கள் திரும்ப மீட்டு என்று போகவேண்டாம், 24 மணி நேரத்தில் மூன்று தடவைக்கு மேல் போனால் ஆங்கில விக்கிப்பீடியாவில் உங்களையே தடை செய்துவிடுவார்கள். உரையாடல் பக்கத்தில் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் ஒட்டி, அதற்கான காப்புரிமை எண்ணையும் பக்கத்தையும் போட்டு, இதில் எது தப்பு என்று கேளுங்கள். பதில் வந்தால் அதை வைத்துத் திருத்துங்கள். ஒரு வாரம் போயும் பதில் வரவில்லை என்றால் திரும்பச் சேர்த்துவிட்டு, தொகுப்புச் சுருக்கத்தில் (மாற்றத்தைச் சேமிக்கும்போது எழுதும் சிறு குறிப்பில்) "உரையாடல் பக்கம் பார்க்க" என்று போட்டுவிடுங்கள்.