ஞாயிறு மாலை வந்தால் வயிறு கலங்குகிறதா, டீச்சர்?

பட்டர்வொர்த்திலிருந்து பாலம் ஏறிப் பினாங்குத் தீவிலுள்ள தமிழ்ப்பள்ளிக்குப் போய்வந்த வருடங்களில், என் களைப்புக்கெல்லாம் நெரிசல்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 13.5 கிலோமீட்டர் பாலத்தில் நின்று நின்று போனால் யாருக்குத்தான் களைக்காது! ஆனால் ஒரு பள்ளி விடுமுறை முழுக்கத் தூங்கி எழுந்த பிறகும், முதல் நாள் காலை பள்ளிக் கேட்டைப் பார்த்ததுமே வண்டியைத் திருப்பிவிடலாமா என்றிருந்தது. இரண்டாம் ஆண்டுப் பையன் ஒருவன் பென்சில் காணோம் என்று அழுதான், எனக்கு எரிச்சல்தான் வந்தது. அன்றுதான் பயந்தேன்.

உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் பர்ன்அவுட்டுக்கு, அதாவது வேலையால் வரும் முழுச் சோர்வுக்குச் சொன்ன அடையாளங்கள் மூன்று: சத்தெல்லாம் வடிந்து போவது, வேலைமேல் கசப்பு வந்து மனம் விலகிவிடுவது, நாம் செய்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றுவது. அது இதை நோய் என்று சொல்லவில்லை, சரிசெய்யாமலே விட்ட நீண்டநாள் வேலை அழுத்தத்தின் விளைவு என்கிறது. ஆகவே ஆசிரியர்களைச் சனிக்கிழமையில் வரவழைத்து மூச்சுப்பயிற்சிப் பட்டறை நடத்துபவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. கை வைக்க வேண்டியது வேலையில்.

முதலில் ஒரு வாரம் கணக்கெழுதுங்கள். பழைய பயிற்சிப் புத்தகம் போதும். பாடம் நடத்தியது, நோட்டு திருத்தியது, நாள் பாடத்திட்டம், வகுப்பறை மதிப்பீட்டுக்கு 1 முதல் 6 வரை நிலை போட்டுக் கணினியில் ஏற்றியது, ரிலீஃப் வகுப்பு (வராத ஆசிரியருக்குப் பதிலாகப் போவது), புறப்பாடம், போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார்செய்தது, ஒரே விவரத்தை இரண்டு இடத்தில் நிரப்பியது, படம் எடுத்து அறிக்கை எழுதியது என்று எல்லாவற்றுக்கும் நிமிடம் போடுங்கள், வீட்டில் செய்ததையும் விடாதீர்கள். என் கணக்கில், நான் நாளெல்லாம் திட்டிக்கொண்டிருந்த நோட்டுத் திருத்தத்தைவிட அறிக்கையும் படமும்தான் அதிக நேரம் தின்றிருந்தன.

அந்தத் தாளோடு தலைமையாசிரியரிடம் போங்கள். வெறுமனே "முடியல சார்" என்றால் "எல்லாருக்கும் அப்படித்தானே" என்று பதில் வரும். "இந்த மூன்று பொறுப்பு என்னிடம் இருக்கிறது சார், நான்காவதை எடுத்துக்கொள்கிறேன், எதை இறக்கி வைக்கட்டும்?" என்று கேட்டுப் பாருங்கள். எனக்கு ஒன்றுதான் குறைந்தது, அதுவே பெரிய விஷயம். மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்பவரின் மேசையில்தான் அடுத்த கோப்பும் வந்து விழும்.

அப்புறம் புலனக்குழு, அதாவது வாட்ஸ்அப் குழு. இரவு எட்டுக்கு மேல் அறிவிப்பொலியை அணைத்துவிடுங்கள், பெற்றோர் குழுவிலும் நேரத்தை ஆண்டுத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். முதல் வாரம் முணுமுணுப்பார்கள், சரியாகிவிடும்.

தூக்கமே வராமல், காரணமில்லாமல் அழுகை வந்து, இரண்டு வாரம் தாண்டினால் இந்தக் கணக்கெல்லாம் போதாது. அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள், 21 கேள்விகள் உள்ள ஒரு படிவத்தை வைத்து மன அழுத்தத்தையும் மனச்சோர்வையும் பார்ப்பார்கள். பேச ஆள் வேண்டுமென்றால் மலேசியச் சுகாதார அமைச்சின் 15555 எண் இருக்கிறது.

பக்கத்து மேசை டீச்சர் சில நாளாகக் கேன்டீன் பக்கமே வரவில்லையா? ஒரு தே ஓ (பாலில்லாத தேநீர்) வாங்கிக்கொண்டு போய் உட்காருங்கள். அறிவுரை வேண்டாம், அவருடைய ரிலீஃப் ஒன்றை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.