மறுமலர்ச்சிக் காலத்தைக் கற்பிக்கும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் மாலை டியூசன் நடத்துவோர், ஐரோப்பிய மறுமலர்ச்சியை ஓவியர்களின் பெயர்ப் பட்டியலாகத் தொடங்காமல், 1345இல் வெரோனாவில் பண்டைய ரோமானியப் பேச்சாளர் சிசரோவின் கடிதங்களை இத்தாலியக் கவிஞர் பெத்ரார்க் கண்டெடுத்த செய்தியிலிருந்து தொடங்குவது நல்லது. பழைய நூல்களை மூலத்திலேயே தேடிப் படிக்கும் அவ்வேட்கையே மனிதனின் ஆற்றலையும் மாண்பையும் முன்னிறுத்திய மானுடவாதத்துக்கு உரமிட்டது.

அடுத்து, மனிதன் தன் நிலையைத் தானே தேர்ந்துகொள்ள வல்லவன் என்று 1486இல் இத்தாலியச் சிந்தனையாளர் பீக்கோ எழுதிய கருத்தை மாணவர்கள் வாதிடட்டும். தாத்தா பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய வீட்டுப் பிள்ளைகளுக்கு இக்கேள்வி எளிதில் பிடிபடும் என்பது என் எண்ணம்.

இத்தாலியக் கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி வகுத்த, தொலைவையும் ஆழத்தையும் தட்டையான பரப்பில் காட்டும் ஓவிய முறையை விளக்க, நேர்வரிசையில் நட்ட ரப்பர் மரங்கள் தொலைவில் ஒரே புள்ளியில் குவிவதைப் பார்த்து வரையச் சொன்னால் போதும்.

மறுமலர்ச்சிக் கால மானுடவாதக் கல்வி பெரும்பாலும் வசதி படைத்த ஆண்களுக்கே கிட்டியது என்பதையும் மறைக்காமல் கூறுங்கள்.